டெல்லிக்கு மூன்று விமானச் சீட்டு

சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போனால் ஒன்றரை நாள். விமானத்தில் மூன்று மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டிலும் நான் போயிருக்கிறேன். முதல் முறை அனுப்பி வைத்தார்கள், போனேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். கேட்டதில் தப்பு என்று இன்றைக்கும் எங்கள் ஊரில் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஜவ்வாது மலையில் சாமை விதைக்கிறவர்கள். எங்கள் ஊர் ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர்ப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். விளைந்த சாமையை வாங்கி, கல் நீக்கி, மெஷினில் உமி எடுத்து, அரிசியாகப் பையில் அடைத்துக் கீழே அனுப்புவோம். குழுவுக்குத் தலைவி என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல், இரண்டு முட்டியிலும் வலி. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். ஆபீஸ்காரர்களிடம் பேசுவது என் வேலை. ஆபீஸ் என்றால் மலைக்குக் கீழே இருக்கிற ஒரு திட்ட அலுவலகம். மெஷின் வாங்க உதவியவர்கள் அவர்கள்தான். அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

டெல்லியில் சிறுதானிய உணவுத் திருவிழா ஒன்று நடக்கிறது, மலையிலிருந்து மூன்று பெண்கள் வந்து சமைத்துக் காட்ட வேண்டும் என்று முதல் முறை அவர்கள் சொன்னபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நான், அண்ணி, குழுவிலேயே வயதில் சின்னவளான ஒரு பெண், மூன்று பேரும் கிளம்பினோம். சின்னவள் அதிகம் பேச மாட்டாள். கேட்டால் பதில் சொல்வாள், அதுவும் தலையாட்டித்தான்.

ரயிலில் எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு படுக்கைதான் உறுதியாகி இருந்தது. மற்ற இரண்டும் காத்திருப்பில் இருக்கிறது, போகப் போகக் கிடைத்துவிடும் என்றார்கள். கடைசி வரை கிடைக்கவில்லை. அண்ணியை அந்தப் படுக்கையில் படுக்கச் சொன்னோம். அது நடுப்படுக்கை, அவரால் ஏற முடியவில்லை. கீழ்ப்படுக்கைக்காரரிடம் கேட்டோம். அவருக்கு எங்கள் பேச்சு புரியவில்லை, அல்லது புரியாதமாதிரி இருந்துவிட்டார். கடைசியில் சின்னவள் மேலே ஏறிப் படுக்க, நானும் அண்ணியும் கக்கூசுக்குப் பக்கத்தில், கதவோரம் துண்டு விரித்து உட்கார்ந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்திருக்க வேண்டும். வடக்கே போகப் போகக் குளிர் கூடிக்கொண்டே போனது. எங்கள் மலையிலும் குளிர் உண்டு, ஆனால் அங்கே எங்களுக்குக் கம்பளி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. டெல்லியில் இறங்கியபோது அண்ணியின் கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

திருவிழா நடக்கிற மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது விழா தொடங்கி அரை நாள் ஆகியிருந்தது. எங்கள் கடையில் ஆபீஸ்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவாரி, சட்டை மடிப்பு கலையாமல், டீ குடித்துக்கொண்டு. எங்கள் ரயில் நாக்பூர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது அவர்கள் இன்னும் தங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். எங்களுக்குப் பிறகு புறப்பட்டு எங்களுக்கு முன்னால் வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பேனர் தொங்கியது. அதில் அண்ணி முறத்தில் சாமை புடைத்தபடி சிரிக்கிறார். அந்த பேனரைச் சுருட்டி அவர்கள் விமானத்தில் கொண்டுவந்திருந்தார்கள்.

அண்ணி பேனரையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பி வரும் ரயிலில், அதே மாதிரிக் கதவோரத்தில், அவராகவே சொன்னார்.

"என் போட்டோ பிளேன்ல வந்துகீது. நான் கக்கூசாண்ட குந்திகினு வந்துகீறேன்."

சின்னவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை.

ஊருக்கு வந்து சேர்ந்ததும் எல்லாரும் டெல்லியைப் பற்றிக் கேட்டார்கள். நாங்களும் அகலமான சாலைகளைப் பற்றி, கூட்டத்தைப் பற்றி, எங்கள் சாமைப் பாயசத்தை வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டவர்களைப் பற்றிச் சொன்னோம். ரயிலைப் பற்றிச் சொல்லவில்லை. அண்ணியின் கால் வீக்கம் வடிய ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் அவர் மெஷின் கொட்டகைக்கு வரவில்லை. அவர் குரல் இல்லாமல் கொட்டகை என்னவோபோல் இருந்தது. உமி பறக்கும் சத்தத்தில் நின்றுகொண்டு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் கூப்பிட்டால், எப்படிக் கூட்டிப் போவீர்கள் என்று முதலில் கேட்பேன்.

அடுத்த வருடம் அறுப்பு முடிந்த சமயத்தில் கூப்பிட்டார்கள். ஆபீசில் புது அதிகாரி வந்திருந்தார். இளவயது, நல்ல மனிதர், பேச்சில் மரியாதை குறையாது. ஜீப்பில் கொட்டகைக்கு வந்தார். வழியில் வளைவுகளில் வயிற்றைப் பிரட்டியிருக்க வேண்டும், முகம் வெளுத்து இறங்கினார். சின்னவள் எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தாள். அவர் அதை உறிஞ்சிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"போன தடவ உங்க ஸ்டால்தான் டாப்பாம். இந்தத் தடவையும் நீங்களே வரணும்னு டெல்லியில இருந்து கேட்டிருக்காங்க. ரொம்பப் பெருமையா இருக்கும்மா."

"எப்டிங்க சார் போறது?" என்று கேட்டேன்.

"ரயில்தாம்மா. இந்தத் தடவ மூணு பேருக்கும் கன்பார்ம் பண்ணிடலாம்."

"நீங்க எப்டிங்க வர்றீங்க?"

அவர் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தார். "நாங்க வேலையிருக்குதுன்னு கடைசி நாள்லதான் கெளம்ப முடியும். அதனால பிளைட்டு."

"அப்ப நாங்களும் பிளேன்லயே வர்றோம் சார்."

கொட்டகையில் மெஷினை நிறுத்தியிருந்தோம். அதனால் நான் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. அவர் முதலில் நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"அதுக்கெல்லாம் ரூல் இருக்குதும்மா. இன்ன கிரேடுல இருக்கறவங்கதான் பிளைட்ல போலாம்னு."

"சாமைக்குத்தான் கிரேடு போட்டு வாங்கறீங்க. ஆளுங்களுக்கும் போடுவாங்களா சார்?"

"நான் போட்ட ரூல் இல்லம்மா."

"நீங்க போட்டதுன்னு சொல்லலிங்க. எங்களுக்கு வயலு கீது, மாடு கீது, புள்ளைங்க கீது. உங்களுக்கு வேலையிருக்குதுன்னா எங்களுக்கும் இருக்குது. டிரெயின்ல போய்ட்டு வர்றதுக்கே நாலஞ்சி நாளு போயிடுது."

அவர் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். நல்லது சொல்கிறவர் மாதிரி. "பிளைட்டுன்னா உங்களுக்குப் பழக்கமில்ல. தல சுத்தும், வாந்தி வரும். அக்காவுக்கு வயசாயிடுச்சி, பயந்துடுவாங்க."

அண்ணி அதுவரை சும்மா உட்கார்ந்திருந்தார். "சார், எங்க மலைக்கு பஸ்ல ஏறி வர்றவங்கதான் வாந்தி எடுக்கறாங்க," என்றார். "நாங்க எத்தினி வருசமா ஏறி எறங்கறோம்." வெளுத்துப்போயிருந்த அதிகாரியின் முகத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அது எங்கள் மரியாதை.

கிளம்பும்போது அவர், "யோசிச்சு சொல்லுங்க," என்றார்.

"யோசிச்சிட்டுதாங்க சொன்னேன்," என்றேன். "முடியாதுன்னா விட்டுடுங்க. எங்க போட்டோவ எடுத்துகினு போங்க. அது போதும்."

ஜீப் போன பிறகு அண்ணி என்னைத் தனியாகக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெசமாலுமே எனக்கு பயமாத்தான் கீது," என்றார். "அந்தரத்துல எத புடிச்சிகினு குந்தறது? ஆனா நீ வுட்டுடாத. கேட்டது கேட்டதாவே இருக்கட்டும்."

வீட்டில் அவ்வளவு சுலபமாக இல்லை. என் வீட்டுக்காரர் கோபக்காரர் இல்லை. ஆனால் கடைத்தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியதைக் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

"மெஷின் குடுத்தவங்ககிட்ட இப்டிப் பேசலாமா நீ? நாளைக்கு அவங்க எதுக்காவது வேணும்ல நமக்கு?"

"மெஷின் குடுத்தாங்க, அதுக்குக் கும்புட்டாச்சி. இது வேற."

"டிரெயின்ல போனா இன்னா? ஊர்ல எல்லாரும் டிரெயின்லதான் போறாங்க."

"எல்லாரும் போறாங்க. அவங்க மட்டும் போவலயே."

"பிளேன்ல போவணும்னு ஆசையா இருக்குதுன்னு நேரா சொல்லு."

"ஆசையா இருந்தா தப்பா?" என்று கேட்டேன். சாப்பிட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ஆமாம், ஆசையும் இருந்தது. அதை நான் எதற்கு ஒளிக்க வேண்டும். தலைக்கு மேலே நாள் தவறாமல் விமானம் போகிறது. அதை அண்ணாந்து பார்க்க மட்டும்தான் நாங்கள் பிறந்திருக்கிறோமா.

பத்து நாள் ஆபீசிலிருந்து போன் வரவில்லை. பிறகு ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் இன்னொரு ஊர்க் குழுவின் தலைவி என்னைத் தேடி வந்தார். புளி விற்க வந்திருந்தார். என்னைவிட மூத்தவர், அக்கா என்பேன். புளிக்கூடையைப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு நேராகக் கேட்டார்.

"டெல்லிக்கு நீ வர்ல சொல்லிட்டியாமே. இப்ப எங்கள வரச் சொல்றாங்க. இன்னா சங்கதி?"

நாங்கள் இல்லாவிட்டால் இன்னொருவர் என்று நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் யோசிப்பது வேறு, எதிரில் ஒருவர் வந்து நிற்பது வேறு. மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஒற்றைப் படுக்கை, கதவோரம், அண்ணியின் கால், எங்களுக்கு முன்னால் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், எல்லாம்.

அவர் கேட்டுக்கொண்டே புளியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். "எங்கூர்ல யாரும் டெல்லி பாத்ததில்ல," என்றார். "போனா நல்லாருக்கும்னு பொண்ணுங்க சொல்லுது."

"போங்க அக்கா. நான் தடுக்க மாட்டேன். சத்தியமா மனசுல ஒண்ணும் வெச்சிக்க மாட்டேன். ஆனா எப்டிக் கூட்டினு போவீங்கன்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க."

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அன்று பஸ்ஸில் திரும்பும்போது நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மூன்று டிக்கெட்டுக்காக மலையில் இரண்டு ஊர்ப் பெண்களை ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்த முடிகிறதே என்கிற எரிச்சல்.

ஆனால் அந்த அக்கா கேட்டிருக்கிறார். நான் சொன்ன மாதிரி ஒரு வார்த்தை மட்டும் கேட்கவில்லை, அவருடைய பாணியில் நிறையவே கேட்டிருக்கிறார். "அவங்களுக்கு முடியாதுன்னா எங்களுக்கும் முடியாது. மொதல்ல அவங்க போவட்டும், அடுத்த தடவ நாங்க போறோம், ரெண்டு பேருக்கும் பிளேனு," என்று சொல்லிவிட்டாராம். இதை எனக்குச் சொன்னதே அதிகாரிதான், போனில், கொஞ்சம் களைத்த குரலில்.

"இன்னாம்மா, மலை முழுக்கப் பேசி வெச்சிட்டீங்களா?"

"சந்தையில பாத்தாங்க சார், கேட்டாங்க, சொன்னேன்."

"சரி. மேல பேசிப் பாத்தேன். உங்க ஒருத்தருக்கு மட்டும் பிளைட்டு போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. செயலாளர்ங்கறதால. மத்த ரெண்டு பேரும் ரயில்ல வரட்டும். கன்பார்ம் டிக்கெட்டு, ஏசி."

அவர் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். எனக்குக் காது சூடானது.

"சார், முட்டி வலிக்கறது எனக்கா? அவங்கள டிரெயின்ல வுட்டுட்டு நான் மட்டும் மேல போனா நாளைக்கு அவங்க மூஞ்சில எப்டி முழிப்பேன்? மூணு பேரும் போவணும். இல்லன்னா யாரும் வேணாம்."

"எனக்கும் மேல பதில் சொல்லணும்மா."

"நான் சொன்னேன்னே சொல்லுங்க. பேரப் போட்டே சொல்லுங்க."

அவர் போனை வைத்துவிட்டார்.

நாலைந்து நாள் கழித்து என் போனில் மூன்று டிக்கெட் வந்தது. போகவும் வரவும். அவர் யாரிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. டெல்லிக்காரர்கள் எங்களைத்தான் கேட்டார்கள் என்பதும், கடைக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது என்பதும் காரணமாக இருக்கலாம். அந்த இளைஞர் எங்களுக்காக யாரிடமாவது தலைகுனிந்து நின்றிருக்கவும் கூடும். நான் கேட்கவில்லை. டிக்கெட்டை அண்ணியிடம் காட்டினேன். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல எங்க கீது பிளேனு?" என்றார்.

எங்கள் ஊரிலிருந்து விமானநிலையத்துக்குப் போய்ச் சேருவதே பெரிய பயணம். சந்தை ஊருக்கு ஒரு வண்டி, அங்கிருந்து மலையிறங்க ஒரு பஸ், கீழே இறங்கி சென்னைக்கு இன்னொன்று. சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறக்கிற நேரத்தைப்போல இரண்டு பங்கு நேரம் அதற்கே ஆகிவிடுகிறது. டெல்லி தூரம் என்கிறார்கள். எங்களுக்கு சென்னைதான் தூரம்.

விமானநிலையத்தில் அதிகாரி எங்களுக்காக வாசலில் நின்றிருந்தார். அவரும் அதே விமானத்தில்தான் வந்தார். உள்ளே பைகளைச் சோதிக்கிற இடத்தில் அண்ணியின் துணிப்பையை நிறுத்திவிட்டார்கள். அதில் மலைத்தேன் ஒரு பாட்டில். டெல்லியில் ருசிபார்க்க வருகிறவர்களுக்குச் சாமை உருண்டையோடு கொடுக்க என்று கொண்டுவந்தது. தேனைக் கையோடு எடுத்துப் போகக்கூடாது, அந்தத் தொட்டியில் போட்டுவிடுங்கள் என்றார் சீருடையிலிருந்த பெண். தொட்டியில் தண்ணீர் பாட்டிலும் சென்ட் பாட்டிலும் கிடந்தன.

"தேன குப்பையில போடறதா?" என்று அண்ணி கேட்டார். கத்தவில்லை. சாதாரணமாகப் பேசினாலே அவர் குரல் அப்படித்தான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பாறையில தொங்கி எடுத்த தேனும்மா இது. போட மாட்டேன்."

"பெரிய பெட்டியில வெச்சி அனுப்பியிருக்கணும்," என்றார் அந்தப் பெண்.

"யாரும் சொல்லலியே."

யாரும் சொல்லவில்லை என்றதும் நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பாட்டிலை வாங்கி, தன் கைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனார். வேர்த்து விறுவிறுத்து வந்து, தன்னுடைய பெட்டியோடு சேர்த்து அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அண்ணி அவரை அன்றிலிருந்து தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்.

அவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டியதே இல்லை. டெல்லியில் பனிமூட்டம், விமானம் எப்போது கிளம்பும் என்று தெரியாது என்று அறிவித்தார்கள். ஒரு மணி நேரம் என்றார்கள், அப்புறம் இன்னும் ஒன்று. காலையில் கிளம்ப வேண்டியது மத்தியானத்தையும் தாண்டியது. நாற்காலிகள் நிறைந்துவிட, நாங்கள் தரையில் துண்டு விரித்துக் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். புளிச்சோற்று வாசனைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தம்பதி எட்டிப் பார்த்தார்கள், அவர்களுக்கும் கொடுத்தோம். அப்போது என் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"டெல்லி போய்ட்டீங்களா?"

"இல்ல. மெட்ராஸ்லதான் குந்தினு கீறோம்."

அவர் சிரித்தது மலையிலிருந்து நன்றாகவே கேட்டது. "டிரெயின்லயே போயிருக்கலாம்ல. இதுக்கா இவ்ளோ சண்ட போட்ட?"

"இதுக்குத்தான்," என்றேன். "ஆபீசரும் எங்ககூடத்தான் தரையில குந்தினு சாப்டறாரு. லேட்டானா எல்லாருக்கும் லேட்டு. அது போதும் எனக்கு."

ஒருவழியாக ஏறினோம். அண்ணிக்கு ஜன்னலோர இருக்கை. நடுவில் சின்னவள், ஓரத்தில் நான். உட்கார்ந்து பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கோட்டு போட்ட ஒருவர் வந்து நின்றார். எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். நல்ல தமிழில், "உங்க சீட் பின்னாடி இருக்கும், போய்ப் பாருங்க," என்றார்.

"இதுதாங்க எங்க சீட்டு," என்றேன்.

"நல்லா பாருங்கம்மா. இது முன்வரிசை."

"நீங்க உங்க சீட்ட நல்லா பாருங்க," என்றது ஒரு குரல். நான் இல்லை, அண்ணி இல்லை. சின்னவள். முன்னால் இருக்கிற பையிலிருந்து மூன்று சீட்டுகளையும் எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் அவற்றைப் படித்தார், தன்னுடையதைப் படித்தார், அவருடைய இடம் எதிர்ப்பக்கம் இருந்தது. மன்னிப்பு என்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார். நான் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டேன். விமானம் ஓடத் தொடங்கியபோது அண்ணியும் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். அது வேறு காரணத்துக்காக.

மேலிருந்து என்ன தெரிந்தது என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். ஒன்றும் தெரியவில்லை. சென்னை கொஞ்சம் தெரிந்தது, கடல் கொஞ்சம் தெரிந்தது, அப்புறம் முழுக்க மேகம். அண்ணி கண்ணைத் திறந்ததே பாதி வழியில்தான். திறந்து பார்த்துவிட்டு, "பஞ்சு காயப்போட்டாப்ல கீது," என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். காலை நீட்டி, வாயைத் திறந்து, நன்றாகத் தூங்கினார். ஒன்றரை நாள் கதவோரத்தில் போன அதே தூரத்தை அவர் குறட்டை விட்டுக்கொண்டு கடந்தார். எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீங்கவில்லை.

மறுநாள் விழா தொடங்கும்போது நாங்கள் குளித்து, பூ வைத்து, கடையில் அடுப்பைப் பற்றவைத்துத் தயாராக நின்றோம். திறப்புவிழா மேடையில் எங்களையும் ஏற்றினார்கள். டெல்லிக்கு வந்திருந்த எங்கள் ஆபீசின் பெரிய அதிகாரி இந்தியில் பேசினார். நடுவில் எங்களைக் கைகாட்டினார், எல்லாரும் கைதட்டினார்கள். என்ன சொன்னார் என்று நம்முடைய அதிகாரித் தம்பியிடம் கேட்டேன். மலைவாழ் பெண்களை எங்கள் அலுவலகம்தான் முதன்முதலாக விமானத்தில் கூட்டிவந்தது என்று சொன்னதாகச் சொன்னார்.

அடுத்து என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் தமிழில் பேசப் பேச, பெரிய அதிகாரி பக்கத்தில் நின்று இந்தியில் சொல்வதாக ஏற்பாடு. சாமையைப் பற்றிச் சொன்னேன், சொன்னார். பாயசத்தைப் பற்றிச் சொன்னேன், சொன்னார். பிறகு, "பிளேன் டிக்கெட்டு யாரும் தானா குடுக்கலிங்க. போன வருசம் எங்க அண்ணி டிரெயின்ல தரையில குந்தினு வந்தாங்க. இந்த வருசம் நாங்க கேட்டோம், அதனால குடுத்தாங்க. குடுத்ததுக்கு நன்றி," என்றேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு இந்தியில் ஏதோ சொன்னார். நான் பேசியதில் பாதிகூட வராத அளவுக்குச் சின்னதாக இருந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் அதில் டிரெயின் என்கிற வார்த்தை வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

மத்தியானம் விழாவை நடத்துகிற அம்மா ஒருவர் எங்கள் கடைக்குச் சாப்பிட வந்தார். தம்பியைக் கூப்பிட்டேன். "காலையில நான் பேசினத இவங்களுக்கு முழுசா சொல்லுங்க," என்றேன்.

"எதுக்கும்மா," என்றார் அவர் மெதுவாக.

"சொல்லுங்க தம்பி. பாதியிலயே நின்னுபோச்சி."

அவர் பெரிய அதிகாரி இருக்கிற திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, சொன்னார். முழுவதும் சொன்னார். இந்த முறை டிரெயின் என்கிற வார்த்தை வந்தது, கேட்டேன். அந்த அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அண்ணியைப் பார்த்தார். ஏதோ சொன்னார். "அடுத்த வருசத்துல இருந்து சமைக்க வர்ற எல்லாருக்கும் பிளேன் டிக்கெட்டே கேட்கப் போறாங்களாம்," என்றார் தம்பி. அந்த அம்மா அதைச் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. அண்ணி அவர் தட்டில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்.

இதற்கு விலை இல்லாமல் போகவில்லை. திரும்பி வந்த பிறகு ஒரு வருடம் முழுக்க எங்களை எந்த விழாவுக்கும் கூப்பிடவில்லை. அடுத்த தடவை நாங்கள் என்று ஆபீசில் சொல்லியிருந்த அந்த அக்காவின் குழுவையும் கூப்பிடவில்லை. வேறு மாவட்டத்திலிருந்து யாரோ போனார்கள். தம்பியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் போனில் சொன்னார். நான் நம்பினேனா என்றால், இல்லை. கடைத்தெருவில், "பிளேன்ல ஏறினீங்க, இப்ப எறங்கிட்டீங்க," என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். எங்கள் குழுவிலேயே ஒருத்தி, உன்னால்தான் எல்லாருக்கும் வாய்ப்பு போனது என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"போவட்டும்," என்றேன். "தரையில குந்தவெச்சிக் கூட்டினு போற வாய்ப்பு போனா போவட்டும்." அந்த வாரம் அவள் கொட்டகைக்கு வரவில்லை. அப்புறம் வந்தாள். சேர்ந்து சாமை புடைத்தோம்.

சந்தையில் அந்த அக்காவைப் பார்த்தபோது எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. "உங்களுக்கும் போச்சே அக்கா," என்றேன். அவர் புளியை எடைத்தட்டில் வைத்துக்கொண்டே, "போனா போவுது வுடு. டெல்லி எங்கயும் ஓடிடாது," என்றார்.

நாங்கள் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. எங்கள் ஊருக்கு வருகிற பஸ் நினைத்தால் வரும், நினைத்தால் பாதி வழியில் திரும்பிவிடும். பிள்ளைபெறப் போகிறவளும் அந்த பஸ்ஸை நம்பித்தான் இருக்கிறாள். கிராமசபைக் கூட்டத்துக்கு வருகிற அதிகாரிகளிடம் இதை ஆண்கள் பலமுறை சொல்லி, பார்க்கலாம் என்கிற பதிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த முறை சின்னவள் எழுந்தாள். அவள் கூட்டத்தில் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

"பாக்கலாம்னு சொல்றீங்க. எப்ப பாப்பீங்க சார்?" என்று கேட்டாள்.

"சொல்லியனுப்பறோம்மா."

"பஸ்ஸு வரும்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அதுவரைக்கும் நான் ஒக்கார மாட்டேன்."

உட்காரவில்லை. அவளைப் பார்த்து அண்ணி எழுந்து நின்றார், முட்டியைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் நாங்கள் எல்லாரும் நின்றோம். என் வீட்டுக்காரரும் நின்றார். வந்திருந்த அதிகாரிகள் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். பஸ் இப்போது வாரத்தில் பெரும்பாலான நாள் ஊர்வரை வருகிறது. வராத நாளில் சின்னவள் டிப்போவுக்கு போன் செய்து ஏன் வரவில்லை என்று கேட்கிறாள். அவள் குரல் அங்கே எல்லாருக்கும் பழகிவிட்டதாம்.

போன மாதம் ஆபீசிலிருந்து மறுபடி போன் வந்தது. புதிதாக வந்திருக்கிற ஒரு மேடம் பேசினார். குவாஹாட்டியில் ஒரு விழாவாம். டெல்லியைவிடத் தூரம். ரயிலில் போனால் எத்தனை நாள் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. நான் எந்தெந்தப் பலகாரம் என்று கேட்கவில்லை, எந்த மாதம் என்றும் கேட்கவில்லை. எப்படிப் போவது என்று கேட்டேன். எங்கள் குழுவுக்கும் சந்தை அக்காவின் குழுவுக்கும் சேர்த்துக் கேட்டேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை. சொல்லும்போது சொல்லட்டும். சாமை அறுப்பு முடிந்து மூட்டைகள் வந்து இறங்கிக்கொண்டிருக்கின்றன, எங்களுக்கு வேலை கிடக்கிறது.